மைம் உறைக்குள் எக்ஸ்எம்எல்: எங்கே உடைகிறது, எப்படிக் கட்டுவது

கேட்டது இதுதான். பைத்தானில் ஒரு கொள்முதல் ஆர்டரை எக்ஸ்எம்எல்லாக, அதாவது டேக்குகளால் குறியிட்ட தரவாக, உருவாக்கி, ஸ்கேன் செய்த பிடிஎஃப் ஒன்றோடு சேர்த்து ஒரே மைம் செய்தியாக (பல வகைக் கோப்புகளை ஒரே மின்னஞ்சலில் வைத்து அனுப்பும் முறைதான் மைம்) மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். ஹெடர் (பகுதியின் விவர வரிகள்), பவுண்டரி (பகுதிகளைப் பிரிக்கும் வரி) எல்லாவற்றையும் ஸ்ட்ரிங்காகக் கையால் ஒட்டியிருக்கிறீர்கள். உங்கள் கணினியில் திறந்தால் சரியாக இருக்கிறது. மறுமுனையில் சில ஆர்டர்கள் பார்ஸ் ஆகவில்லை (நிரலால் படித்துப் பிரிக்க முடியவில்லை), சிலவற்றில் தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாக வருகின்றன, டிஜிட்டல் கையெழுத்து போட்டால் சரிபார்ப்பு தோற்கிறது. அடுத்து இதையே ஜாவாவிலும் எழுத வேண்டியிருக்கிறது.

அவசரத்தில் இருந்தால் இதை மட்டும் செய்யுங்கள். எக்ஸ்எம்எல்லை யுடிஎஃப்-8 பைட்களாக (எல்லா மொழி எழுத்தையும் பைட்டாக்கும் குறியாக்கம் இது) ஒரே ஒரு முறை உருவாக்குங்கள். அதன் பிறகு அதை ஸ்ட்ரிங்காக மாற்றவே மாற்றாதீர்கள். அந்தப் பைட்களை ‘அப்ளிகேஷன்/எக்ஸ்எம்எல்’ என்ற வகையில், பேஸ்64 என்கோடிங்கில் (எந்தப் பைட்டையும் ஆங்கில எழுத்து, எண், ஓரிரு குறிகளாக எழுதும் முறை), லைப்ரரியின் கையில் கொடுத்துவிடுங்கள். பவுண்டரி, வெற்று வரி, வரிமுடிவு எதையும் நீங்கள் எழுத வேண்டாம். சொன்ன மூன்று தொல்லைகளில் முதல் இரண்டும் இதோடு போய்விடும். கையெழுத்துக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் கவனம் வேண்டும். அதைக் கடைசிப் பக்கமாக வைத்துக்கொள்கிறேன்.

இனி காரணம். நீங்கள் எக்ஸ்எம்எல்லை ‘எழுத்து’ என்று நினைத்து அனுப்புகிறீர்கள். எழுத்து என்று தெரிந்தால் வழியில் இருக்கும் ஒவ்வொருவரும் அதில் கை வைப்பார்கள். ஒரு சர்வர் வரிமுடிவை மாற்றும், இன்னொன்று நீண்ட வரியை மடக்கும், மற்றொன்று வரி ஓரத்து இடைவெளியை வெட்டும், பெறுபவரின் நிரல் தனக்குத் தெரிந்த குறியாக்கத்தில் படிக்கும். எல்லாரும் நல்லெண்ணத்தோடுதான் செய்கிறார்கள். பிடிஎஃப்-ஐ இப்படி யாரும் தொடுவதில்லை, கவனித்தீர்களா? உங்கள் பிடிஎஃப் ஒருமுறைகூட உடையவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எக்ஸ்எம்எல்லையும் அதே மரியாதையோடு அனுப்பினால் அதுவும் உடையாது.

கொஞ்சம் பின்கதை. நதானியேல் போரன்ஸ்டீனும் நெட் ஃப்ரீடும் எழுதிய ஆர்எஃப்சி 1341 (இணைய விதிமுறை ஆவணங்களுக்கு ஆர்எஃப்சி என்று பெயர்) வெளியானது 1992 ஜூனில். மைம் அங்கேதான் தொடங்குகிறது. இன்றைய மைமின் அடிப்படை 1996 நவம்பரில் வந்த 2045 முதல் 2049 வரையான ஐந்து ஆவணங்கள். எக்ஸ்எம்எல் 1.0, வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி-யின் பரிந்துரையாக வந்தது 1998 பிப்ரவரியில். ‘இந்தப் பைட்கள் எந்தக் குறியாக்கத்தில் இருக்கின்றன?’ என்ற கேள்விக்கு இரண்டும் தனித்தனியாகப் பதில் வைத்திருக்கின்றன. மைம் தன் கன்டென்ட்-டைப் ஹெடரில் சார்செட் என்று சொல்லும். எக்ஸ்எம்எல் தன் முதல் வரியில் என்கோடிங் என்று சொல்லும். ஒரு கல்யாணத்துக்கு இரண்டு பத்திரிகை அடித்து, இரண்டிலும் வேறு வேறு முகூர்த்த நேரம் போட்ட மாதிரி. வந்தவர்கள் யார் எந்தப் பத்திரிகையைப் பார்த்தார்கள் என்பதைப் பொறுத்துத்தான் சாப்பாடு.

உங்கள் தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறியானது இங்கேதான். நீங்கள் வகையை ‘டெக்ஸ்ட்/எக்ஸ்எம்எல்’ என்று போட்டிருக்கிறீர்கள், சார்செட் போடவில்லை. 2001-இல் வந்த ஆர்எஃப்சி 3023-இன் விதிப்படி, டெக்ஸ்ட்/எக்ஸ்எம்எல்லில் சார்செட் இல்லாவிட்டால் அது ஆங்கில எழுத்து மட்டுமே கொண்ட யுஎஸ்-ஆஸ்கி என்றுதான் கொள்ள வேண்டும். உள்ளே முதல் வரியில் யுடிஎஃப்-8 என்று எழுதியிருந்தாலும் அது செல்லாது. படித்தால் விநோதமாக இருக்கும், ஆனால் விதி அதுதான். விதியை ஒழுங்காகப் பின்பற்றிய பெறுநர் நிரல் உங்கள் தமிழை ஆஸ்கியாகப் படித்துக் கேள்விக்குறி போட்டது. விதியைக் கண்டுகொள்ளாத நிரல் சரியாகப் படித்தது. 2014 ஜூலையில் வந்த ஆர்எஃப்சி 7303 இதைத் திருத்தியது. டெக்ஸ்ட்/எக்ஸ்எம்எல்லும் அப்ளிகேஷன்/எக்ஸ்எம்எல்லும் ஒன்றுதான் என்று ஆக்கி, முதலில் பிஓஎம் (தொடக்கத்திலேயே குறியாக்கத்தைக் காட்டும் சில பைட்) இருந்தால் அது, இல்லையென்றால் சார்செட், அதுவும் இல்லையென்றால் எக்ஸ்எம்எல்லின் முதல் வரி என்று வரிசையும் வகுத்தது. ஆனால் மறுமுனையில் இருக்கும் நிரல் 2014-க்கு முன்பா பின்பா எழுதப்பட்டது என்று உங்களுக்குத் தெரியாது. அதனால் எந்த விதியைப் பின்பற்றினாலும் ஒரே விடை வருகிற மாதிரி அனுப்புவதுதான் புத்திசாலித்தனம்: வகை அப்ளிகேஷன்/எக்ஸ்எம்எல், சார்செட் யுடிஎஃப்-8, உள்ளே முதல் வரியிலும் யுடிஎஃப்-8, பிஓஎம் வேண்டாம்.

உங்கள் ஆர்டர் வடிவத்துக்கென்றே பதிவான வகை ஒன்று இருந்தால், அதாவது ‘+எக்ஸ்எம்எல்’ என்று முடிகிற வகை, அதையே போடுங்கள். நீங்களாகப் புதிதாக ஒன்றைக் கற்பித்துக்கொள்ள வேண்டாம்.

அடுத்தது டிரான்ஸ்ஃபர் என்கோடிங், அதாவது பைட்களை அஞ்சல் வழியில் எந்த வடிவில் அனுப்புவது என்பது. பலரும் அலட்சியமாகக் கடந்துபோகிற இடம் இது, என் கணக்கில் பாதிப் பிழைகளுக்கு இதுதான் வீடு. 7பிட், 8பிட் என்று போட்டு, அதாவது எதையும் மாற்றாமல் அப்படியே, அனுப்பினால் ஒரு வரிக்கு 998 பைட்தான் உச்சம், வரிமுடிவின் இரண்டு பைட்டையும் சேர்த்தால் 1000. மனிதர் எழுதும் கடிதத்தில் இவ்வளவு நீள வரி வராது. ஆனால் நிரல் உருவாக்கும் எக்ஸ்எம்எல்லில் வரிப்பிரிவே இருக்காது. முழு ஆர்டரும் ஒரே வரி. பல வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு சிறிய நிறுவனத்தில் இதே கதை நடந்தது. நாலைந்து பொருள் இருக்கும் ஆர்டர் போய்ச் சேரும், பத்தைத் தாண்டினால் உடையும். வாடிக்கையாளர் பக்கம் ‘பெரிய ஆர்டர் வாங்க எங்கள் சிஸ்டத்துக்குத் திராணி இல்லை போல’ என்று அவர்களே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நாங்களும் இரண்டு வாரம் டேட்டாபேஸைத் துருவினோம். கடைசியில் வந்து சேர்ந்த மூலச் செய்தியை வாங்கிப் பார்த்தால், ஒரு டேகின் நடுவில் ஒரு ஆச்சரியக்குறியும் புது வரியும். வழியில் இருந்த அஞ்சல் சர்வர் நீண்ட வரியை அப்படித்தான் வெட்டும். சில சர்வர்களின் பழைய வழக்கம் அது. காரணமே இல்லாத இடத்தில் ஆச்சரியக்குறியைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு 998 நினைவுக்கு வரும். உங்கள் ‘சில ஆர்டர்கள் மட்டும்’ என்பதற்கும் இது ஒரு காரணமாக இருக்கலாம். உடைந்தவை எல்லாம் நீளமானவையா என்று பாருங்கள்.

சரி, 7பிட் வேண்டாம் என்றால் மிச்சம் இருப்பவை கோட்டட்-பிரின்டபிள் (ஆஸ்கி அல்லாத பைட்டைச் சமக்குறியும் இரண்டு எழுத்துமாக எழுதுவது), பேஸ்64. ஆங்கில எழுத்து அதிகமான எக்ஸ்எம்எல்லுக்குக் கோட்டட்-பிரின்டபிள் நல்லதாகத் தோன்றும், கண்ணால் படிக்கலாம். தமிழுக்கு அது கட்டுப்படியாகாது. யுடிஎஃப்-8-இல் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட். கோட்டட்-பிரின்டபிளில் ஒரு பைட் மூன்று எழுத்தாக விரியும், ஆக ஒரு குறியீட்டுக்கு 9 எழுத்து. பேஸ்64-இல் 3 பைட் 4 எழுத்தாகும், அவ்வளவுதான். ‘தமிழ்’ என்ற சொல்லையே எடுங்கள்: த, ம, இகரக் கொம்பு, ழ, புள்ளி என்று 5 குறியீடு, 15 பைட். கோட்டட்-பிரின்டபிளில் 45 எழுத்து, பேஸ்64-இல் 20. அதுபோக, எக்ஸ்எம்எல் பண்புகளில் வரும் ஒவ்வொரு சமக்குறியும் கோட்டட்-பிரின்டபிளில் மூன்றெழுத்தாகும். எக்ஸ்எம்எல்லில் சமக்குறிக்குப் பஞ்சமா என்ன?

பேஸ்64-இல் 57 பைட்டுக்கு ஒரு 76 எழுத்து வரி, அதோடு வரிமுடிவு 2 பைட். கணக்குப் போட்டால் சுமார் 37 விழுக்காடு வீங்கும். 1 எம்பி 1.37 எம்பி ஆகும். ஆர்டர் அளவிலான எக்ஸ்எம்எல்லுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. பதிலுக்குக் கிடைப்பது என்ன? வரி நீளம் 76-ஐத் தாண்டாது. வரி ஓரத்தில் இடைவெளி இல்லை. புள்ளியில் தொடங்கும் வரி இல்லை. பேஸ்64-இன் எழுத்துத் தொகுப்பில் இடைக்கோடே கிடையாது. இரண்டு இடைக்கோட்டோடு தொடங்கும் பவுண்டரி உள்ளடக்கத்தோடு மோத வாய்ப்பே இல்லை. நான் பேஸ்64 கட்சி ஆனது இதனால்தான்.

ஒன்று மட்டும். பல பகுதிகளை உள்ளடக்கும் மல்டிபார்ட் வகையான வெளி உறைக்குப் பேஸ்64 என்று போடக் கூடாது. ஆர்எஃப்சி 2045 அதை நேரடியாகவே தடுக்கிறது. உள்ளே இருக்கும் ஒவ்வொரு பகுதிக்கும்தான் தனித்தனியாக. அதேபோல நீங்களே பேஸ்64 ஆக்கிவிட்டு, லைப்ரரியிடமும் ‘பேஸ்64’ என்று சொன்னால், அது இன்னொரு முறை ஆக்கும். மறுமுனையில் எக்ஸ்எம்எல்லுக்குப் பதில் எழுத்துக் குப்பை மாதிரி ஏதோ வருகிறது, அதை மறுபடி டிகோட் செய்தால் சரியாகிறது என்று யாராவது சொன்னால், இதுதான் நடந்திருக்கிறது.

இப்போது உங்கள் கைவேலைக்கு வருவோம். நீங்கள் அனுப்பிய மாதிரியில் பகுதியின் ஹெடருக்கும் எக்ஸ்எம்எல்லுக்கும் நடுவே இரண்டு வெற்று வரிகள் இருக்கின்றன. மைம் கணக்கில் ஒன்றுதான் பிரிப்பான். இரண்டாவது வெற்று வரி உள்ளடக்கத்தின் முதல் வரியாகிவிடும். எக்ஸ்எம்எல்லின் அறிவிப்பு வரி ஆவணத்தின் முதல் எழுத்திலேயே தொடங்கியாக வேண்டும், முன்னால் ஒரு இடைவெளிகூடக் கூடாது. பார்ஸர் உடனே ‘அறிவிப்பு ஆரம்பத்தில் இல்லை’ என்று கோபித்துக்கொள்ளும். வேடிக்கை என்னவென்றால், அறிவிப்பு வரி இல்லாத எக்ஸ்எம்எல்லுக்கு முன்னால் எத்தனை வெற்று வரி இருந்தாலும் பார்ஸருக்கு ஆட்சேபணை இல்லை. உங்கள் நிரலில் இரண்டு இடங்களில் எக்ஸ்எம்எல் உருவாகிறது, ஒன்று அறிவிப்போடு, ஒன்று அறிவிப்பில்லாமல். அதனால்தான் ‘சில நேரம்’. வெற்று வரியே போடாமல் விட்டால் வேறு கூத்து: எக்ஸ்எம்எல்லின் முதல் வரியை மைம் பார்ஸர் ஹெடர் என்று நினைக்கும்.

வரிமுடிவும் உங்கள் நிரலில் வெறும் எல்எஃப்-ஆக (புது வரிக் குறியாக) இருக்கிறது. மின்னஞ்சலில் வரிமுடிவு என்றால் சிஆர் (வரித் தொடக்கத்துக்குத் திரும்பும் குறி), எல்எஃப் இரண்டும் சேர்ந்து வர வேண்டும். முன்பெல்லாம் சர்வர்கள் இதைப் பெரிதுபடுத்தவில்லை. 2023 டிசம்பரில் எஸ்எம்டிபி ஸ்மக்லிங் என்ற தாக்குதல் முறை (வரிமுடிவுக் குழப்பத்தைப் பயன்படுத்தி ஒரு செய்திக்குள் இன்னொன்றைக் கடத்துவது) வெளியே வந்த பிறகு நிலைமை மாறிவிட்டது. போஸ்ட்ஃபிக்ஸ் உட்படப் பல சர்வர்கள் தனி எல்எஃப்-ஐ மறுக்கும் வசதியைச் சேர்த்தன. நேற்று வரை போன செய்தி இன்று திரும்பி வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

அப்புறம், எக்ஸ்எம்எல்லையே ஸ்ட்ரிங் ஒட்டி உருவாக்குகிறீர்கள். ஒரு கடையின் பெயர் ‘முருகன் & சன்ஸ்’ என்று வந்தால் அந்த & குறி ஒன்றே போதும், முழு ஆவணமும் செல்லாது. பைத்தானோடு வரும் எலிமென்ட்ட்ரீ போன்ற எக்ஸ்எம்எல் லைப்ரரியைப் பயன்படுத்தினால், இப்படிப்பட்ட குறிகளைச் செல்லும் வடிவில் மாற்றி எழுதுவதை அதுவே பார்த்துக்கொள்ளும்.

பைத்தானில் எப்படி என்று வரிசையாகச் சொல்கிறேன். எலிமென்ட்ட்ரீயில் மரத்தைக் கட்டி முடித்ததும் அதன் ‘டுஸ்ட்ரிங்’ செயலைக் கூப்பிடுவீர்கள். பெயரில் ஸ்ட்ரிங் இருந்தாலும், என்கோடிங் யுடிஎஃப்-8 என்று கொடுத்தால் திரும்பி வருவது பைட்கள்தான். எக்ஸ்எம்எல் அறிவிப்பு வேண்டும் என்பதையும் அங்கேயே சொல்லிவிடுங்கள். என்கோடிங் கொடுக்காமல் விட்டால் அது யுஎஸ்-ஆஸ்கியில் எழுதும்; ‘அ’ என்பது &#2949; ஆகிவிடும், ‘த’ &#2980; ஆகிவிடும். இது பிழை இல்லை, எந்தப் பார்ஸரும் சரியாகவே படிக்கும். குறியாக்கச் சண்டையை அடியோடு தவிர்க்க இது ஒரு வழியும்கூட. ஒரு குறியீட்டுக்கு 7 எழுத்து, பேஸ்64-க்குப் பின் ஒன்பதைத் தாண்டும், மனிதர் படிக்க முடியாது. பெறுநரின் நிரல் ரொம்பப் பழையது, யுடிஎஃப்-8 என்றாலே மிரளுகிறது என்றால் மட்டும் இதைக் கையில் எடுங்கள்.

செய்திக்கு ஈமெயில் தொகுப்பில் உள்ள ‘ஈமெயில்மெசேஜ்’ வகுப்பு. இணையத்தில் கிடைக்கும் பழைய உதாரணங்கள் மைம்மல்டிபார்ட், மைம்டெக்ஸ்ட் என்று போகும். அவையும் வேலை செய்யும், ஆனால் புதிதாக எழுதுகிறவர் அங்கே போகத் தேவையில்லை. ‘செட்-கன்டென்ட்’ செயலுக்கு உங்கள் பைட்களைக் கொடுங்கள், முதன்மை வகை அப்ளிகேஷன், துணை வகை எக்ஸ்எம்எல், கூடுதல் அளவுருவாகச் சார்செட் யுடிஎஃப்-8. பைட்கள் கொடுத்தால் அது தானாகவே பேஸ்64-ஐ எடுத்துக்கொள்ளும். இதே செயலுக்கு ஸ்ட்ரிங் கொடுத்துப் பாருங்கள், அதன் நடத்தையே மாறும்: வகை டெக்ஸ்ட் ஆகும், வரிகளைப் பிரித்துத் தன் வரிமுடிவோடு சேர்த்து ஒட்டும், கடைசியில் வரிமுடிவு இல்லையென்றால் ஒன்றைச் சேர்க்கும், என்கோடிங்கை முதல் சில வரிகளைப் பார்த்துத் தானே முடிவு செய்யும். உங்களைக் கேட்காது. எழுத்து என்று தெரிந்தால் எல்லாரும் கை வைப்பார்கள் என்றேனே, வழியில் போகும் சர்வர் வரை போவானேன், உங்கள் லைப்ரரியே அப்படித்தான்.

பிடிஎஃப்-ஐச் சேர்க்க இரண்டு வழி. எக்ஸ்எம்எல்லும் பிடிஎஃப்-உம் வெறுமனே பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் போதும் என்றால் மல்டிபார்ட்/மிக்ஸ்டு, அதற்கு ‘ஆட்-அட்டாச்மென்ட்’. எக்ஸ்எம்எல்லே பிடிஎஃப்-ஐச் சுட்ட வேண்டும் என்றால் மல்டிபார்ட்/ரிலேட்டட், ஆர்எஃப்சி 2387. உங்களுக்கு வேண்டியது இரண்டாவது என்று நினைக்கிறேன், ஆர்டரில் ‘இணைப்பு’ என்று ஒரு புலம் வைத்திருக்கிறீர்கள். சோப் (எக்ஸ்எம்எல் வழி இணையச் சேவை முறை) இணைப்புகளும், அதில் கோப்புகளை அனுப்ப 2005-இல் டபிள்யூ3சி பரிந்துரையான எம்டாமும் இதே உறையைத்தான் பயன்படுத்துகின்றன. இதைக் கற்றுக்கொண்டால் அங்கேயும் உதவும்.

இதில் எல்லாரும் ஒருமுறையாவது தடுக்கி விழும் கல் ஒன்று உண்டு. பிடிஎஃப் பகுதிக்குக் கன்டென்ட்-ஐடி என்ற ஹெடர் வேண்டும். அதன் மதிப்பு < > குறிகளுக்குள் இருக்கும். எக்ஸ்எம்எல்லுக்குள் அதைச் சுட்டும்போது ‘சிஐடி:’ என்று தொடங்கி, அந்த < > இல்லாமல் எழுத வேண்டும். ‘மேக்-மெசேஜ்ஐடி’ செயல் குறிகளோடுதான் தரும். ஹெடருக்கு அப்படியே கொடுங்கள், எக்ஸ்எம்எல்லுக்கு முதல் எழுத்தையும் கடைசி எழுத்தையும் கழித்துவிட்டுக் கொடுங்கள். கழிக்க மறந்தால் எல்லாம் இருக்கும், ஒன்றும் கிடைக்காது. இதிலிருந்து வேலை வரிசையும் தெரிகிறது: முதலில் ஐடியை உருவாக்கு, பிறகு அதைச் சுட்டும் எக்ஸ்எம்எல், பிறகு செட்-கன்டென்ட், கடைசியாக ‘ஆட்-ரிலேட்டட்’. அந்தக் கடைசிப் படியில் செய்தி தானாக மல்டிபார்ட்டாக மாறும், உங்கள் எக்ஸ்எம்எல் முதல் பகுதியாக உள்ளே போய் உட்காரும். மல்டிபார்ட்/ரிலேட்டடுக்கு ‘டைப்’ என்ற அளவுரு கட்டாயம், முதல் பகுதியின் வகை என்ன என்று அது சொல்லும். பைத்தான் இதைத் தானாகச் சேர்ப்பதில்லை. ‘செட்-பாரம்’ கொண்டு நீங்கள்தான் சேர்க்க வேண்டும். பல பெறுநர்கள் இது இல்லாமலும் ஏற்றுக்கொள்வார்கள், கண்டிப்பானவர்கள் திருப்பி அனுப்புவார்கள்.

கோப்புப் பெயரைத் தமிழில் வைக்கலாம், அதற்கும் ஆர்எஃப்சி 2231 வழி வைத்திருக்கிறது. ஆனால் நிரலுக்கு நிரல் போகும் செய்தியில் நான் வைக்க மாட்டேன். ஆஸ்கியில் ஆர்டர் எண் போதும். தமிழ் உள்ளடக்கத்தில் இருக்கட்டும்.

அனுப்பும்போது, பைத்தானின் அஞ்சல் அனுப்பும் தொகுப்பான எஸ்எம்டிபிலிப்-இன் ‘சென்ட்-மெசேஜ்’ செயலுக்குச் செய்தியை அப்படியே கொடுங்கள். வரிமுடிவை அது பார்த்துக்கொள்ளும். கோப்பில் எழுதவோ கையெழுத்திடவோ பைட்களாக எடுக்க வேண்டுமென்றால் எஸ்எம்டிபி பாலிசியை (செய்தியை எப்படி எழுதுவது என்ற அமைப்பை) சொல்லி எடுங்கள். இயல்பான பாலிசி வெறும் எல்எஃப்-தான் தரும்.

பெறும் பக்கம் உங்கள் கையில் இல்லை என்றாலும், சோதிப்பதற்காக நீங்களும் ஒன்று எழுதத்தான் போகிறீர்கள். அங்கேயும் பைட்தான். பகுதியின் வகை டெக்ஸ்ட்/எக்ஸ்எம்எல்லாக இருந்தால் ‘கெட்-கன்டென்ட்’ ஸ்ட்ரிங்காகத் தரும். அதை எல்எக்ஸ்எம்எல் என்ற பார்ஸரிடம் கொடுத்தால், குறியாக்க அறிவிப்போடு வரும் யுனிகோட் ஸ்ட்ரிங்கை வாங்க மாட்டேன் என்று பிழை எறியும். பலர் அந்த முதல் வரியையே வெட்டி எறிந்து ‘சரிசெய்கிறார்கள்’. பாவம், அந்த வரி என்ன செய்தது? அப்ளிகேஷன்/எக்ஸ்எம்எல் என்றால் அதே செயல் பைட்களாகத் தரும், பார்ஸர் முதல் வரியைப் பார்த்துத் தானே படித்துக்கொள்ளும். வெளியாரிடமிருந்து வரும் எக்ஸ்எம்எல் என்றால் வெளி என்டிட்டி (வெளிக் கோப்பை இழுக்க வைப்பது), விரியும் என்டிட்டி (சிறு ஆவணம் நினைவகம் நிரம்ப விரிவது) தாக்குதல்களையும் யோசிக்க வேண்டும். டிஃப்யூஸ்டுஎக்ஸ்எம்எல் என்ற தொகுப்பு அதற்காகவே இருக்கிறது.

இப்போது கையெழுத்து. மைம் செய்திக்கு டிஜிட்டல் கையெழுத்திடும் முறையான எஸ்/மைமில் கையெழுத்து எக்ஸ்எம்எல்லின் மேல் விழுவதில்லை. அந்தப் பகுதியின் ஹெடர், வெற்று வரி, பேஸ்64 ஆன உடல், இவை அத்தனையும் சேர்ந்த பைட் வரிசையின் மேல் விழுகிறது. எக்ஸ்எம்எல் பார்ஸர் மன்னிக்கிற ஆள். சிஆர் எல்எஃப் வந்தாலும் எல்எஃப் வந்தாலும் உள்ளே எல்எஃப் ஆக்கிக்கொள்ளும். கையெழுத்துக்காக எல்லாப் பைட்களிலிருந்தும் கணக்கிடும் சுருக்க எண்ணான ஹாஷ் மன்னிக்காது. ஒரு பைட் மாறினாலும் வேறு விடை. ‘எக்ஸ்எம்எல் சரியாகத் திறக்கிறது, கையெழுத்து மட்டும் தப்பு என்கிறது’ என்று நீங்கள் குழம்பியது இந்த இடைவெளியில்தான்.

உங்கள் நிரலில் எக்ஸ்எம்எல்லை மட்டும் கையெழுத்திட்டு, பிறகு அதற்கு ஹெடர் போட்டு மல்டிபார்ட்/சைன்டு உறையில் வைத்திருக்கிறீர்கள். அது எப்படியும் தேறாது. செய்ய வேண்டிய வரிசை: உள் பகுதியை முழுதாகக் கட்டு, சிஆர்எல்எஃப்-ஓடு பைட்களாக எழுது, அந்தப் பைட்களைக் கையெழுத்திடு, அதே பைட்களை, மறுபடி பார்ஸ் செய்யாமல், உறைக்குள் வை. இதற்குள் 8பிட் பகுதி எதுவும் இருக்கக் கூடாது. வழியில் யாராவது அதைக் கோட்டட்-பிரின்டபிள் ஆக்கினால் கையெழுத்து போச்சு. பவுண்டரிக்கு முன் வரும் வரிமுடிவு உள்ளடக்கத்தைச் சேர்ந்ததல்ல, பவுண்டரியைச் சேர்ந்தது. கையால் ஒட்டுகிறவர்கள் அந்த இரண்டு பைட்டையும் சேர்த்து ஹாஷ் போட்டுவிட்டு, எங்கே தப்பு என்று ஒரு நாள் முழுக்கத் தேடுவார்கள். நானும் தேடியிருக்கிறேன். பைத்தானின் கிரிப்டோகிராஃபி தொகுப்பில் எஸ்/மைம் வடிவில் கையெழுத்திட்டுத் தரும் வசதி இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். எந்த ஹாஷ் முறை என்று சொல்லும் ‘மிக்ஆல்க்’ அளவுருவில் சில பழைய நிரல்கள் ‘எஸ்எச்ஏ256’ என்றும், புதியவை நடுவில் இடைக்கோட்டோடு ‘எஸ்எச்ஏ-256’ என்றும் எதிர்பார்க்கும். பெறுநரிடம் கேட்டுவிடுவது நல்லது.

நாளைக்கு இந்த வாடிக்கையாளரே மின்னஞ்சல் வேண்டாம், ஏஎஸ்2-க்கு (வணிக ஆவணங்களை வலை வழியாக அனுப்பும் முறை) வாருங்கள் என்று சொல்லலாம். 2005-இன் ஆர்எஃப்சி 4130 அது. இதே மைம் செய்தி எச்டிடிபி வழியாகப் போகும். ரசீதில் திரும்பி வரும் எம்ஐசி என்ற ஹாஷும் ஹெடரோடு சேர்த்த பகுதியின் மேல்தான் கணக்கிடப்படும். இன்று மேலே சொன்ன வரிசையில் எழுதினால் அன்றைக்கு எழுத வேண்டியது குறைவு. எக்ஸ்எம்எல் வழியெங்கும் கைமாறிப் பத்து நிரல்களில் புகுந்து வெளிவரும், கையெழுத்து அதோடே ஒட்டியிருக்க வேண்டும் என்றால் மட்டும் எக்ஸ்எம்எல் கையெழுத்து முறையைப் பாருங்கள். அது வேறு உலகம், வேறு தலைவலி.

ஜாவாவைப் பற்றிச் சுருக்கமாக. ஜாவாவின் மின்னஞ்சல் லைப்ரரியான ஜகார்த்தா மெயிலில் எக்ஸ்எம்எல் ஸ்ட்ரிங்கை ‘செட்கன்டென்ட்’ செயலுக்குக் கொடுத்தால், அந்த வகைக்குக் கையாளி இல்லை என்ற பிழை வரக்கூடும். பழைய ஜாவாக்ஸ் மெயிலும் புதிய ஜகார்த்தா மெயிலும் ஒரே திட்டத்தில் கலந்துவிட்டாலும் இதே பிழை வரும், அதையும் பாருங்கள். பைட் வரிசையை பைட்அரேடேட்டாசோர்ஸில் போட்டு, அதை டேட்டாஹேண்ட்லரில் போட்டு, மைம்பாடிபார்ட்டுக்குக் கொடுத்தால் இந்தக் கையாளி விவகாரமே எழாது. டிரான்ஸ்ஃபர் என்கோடிங் ஹெடரை நீங்களே பேஸ்64 என்று வைத்தால் அது மதிக்கும், ஆக்கும் வேலையையும் அதுவே செய்யும்.

ஜாவாவில் தமிழைக் கொல்லும் இடம் வேறு. எக்ஸ்எம்எல்லை எழுதித் தரும் டிரான்ஸ்ஃபார்மரின் வெளியீட்டை ஸ்ட்ரிங்ரைட்டரில் வாங்கி, பிறகு ‘கெட்பைட்ஸ்’ என்று சார்செட் சொல்லாமல் கூப்பிடுவது. ஜாவா 18 வரும் வரை, அதாவது 2022 வரை, அந்தச் செயல் கணினியின் இயல்பான குறியாக்கத்தை எடுத்துக்கொள்ளும். விண்டோஸில் அது பெரும்பாலும் தமிழ் எழுத்தே இல்லாத 1252. முதல் வரி யுடிஎஃப்-8 என்று சொல்லும், உள்ளே தமிழ் முழுக்கக் கேள்விக்குறி. லினக்ஸ் சர்வரில் ஓடும், அலுவலக விண்டோஸில் ஓடாது, யாருக்கும் காரணம் புரியாது. டிரான்ஸ்ஃபார்மரிடம் நேராகப் பைட்அரேஅவுட்புட்ஸ்ட்ரீமைக் கொடுங்கள். நடுவில் ஸ்ட்ரிங்கே வேண்டாம்.

சோதனைக்கு நான் எப்போதும் ஒரு கொடூரமான ஆர்டரை வைத்திருப்பேன். 3000 எழுத்து நீளத்தில் ஒரு வரி, தமிழ்ப் பெயர், ஒரு & குறி, வரி ஓரத்தில் இரண்டு இடைவெளி, ஒற்றைப் புள்ளியில் தொடங்கும் வரி, இரண்டு இடைக்கோட்டில் தொடங்கும் வரி. அனுப்பும் முன் எக்ஸ்எம்எல் பைட்களின் எஸ்எச்ஏ-256 ஹாஷை எடுத்து வையுங்கள். உண்மையான அஞ்சல் சர்வர் வழியாக, குறைந்தது இரண்டு வேறு சேவைகளின் முகவரிகளுக்கு அனுப்பி, வந்ததைப் பிரித்து மறுபடி எடுங்கள். இரண்டும் ஒத்துப்போக வேண்டும். உங்கள் கணினிக்குள்ளேயே உருவாக்கி உள்ளேயே பிரிப்பது சோதனை ஆகாது. இத்தனை நாள் அதுதான் உங்களை ஏமாற்றியிருக்கிறது. பிரித்த செய்தியின் ‘டிஃபெக்ட்ஸ்’ பட்டியல் காலியாக இருக்கிறதா என்றும் பாருங்கள், பைத்தான் தன் மனக்குறைகளை அங்கேதான் எழுதி வைக்கும்.

மாற்றத்தை வெளியிடும் முன் பெறுநர் தரப்பில் ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்: அவர்கள் நிரல் எக்ஸ்எம்எல் பகுதியை எப்படிக் கண்டுபிடிக்கிறது? ‘டெக்ஸ்ட்/எக்ஸ்எம்எல்’ என்று எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுத் தேடினால், நீங்கள் சரியாக அனுப்பும் அப்ளிகேஷன்/எக்ஸ்எம்எல் அவர்கள் கண்ணுக்குத் தெரியாது. அப்படிப்பட்டவர்களுக்கு மட்டும் டெக்ஸ்ட்/எக்ஸ்எம்எல் என்றே போடுங்கள், ஆனால் சார்செட்டோடும் பேஸ்64-ஓடும். பைத்தானில் செட்-கன்டென்ட்டுக்கு வழக்கம்போலப் பைட்களைக் கொடுத்து, முதன்மை வகையை மட்டும் டெக்ஸ்ட் என்று சொன்னால் போதும். உள்ளே பைட்கள் அப்படியே இருக்கும்.